ஸ்டோர்ஸ் ரகுநாதனும் கரையம்மாவும்

ரகுநாதனுக்கு எதையும் சீட்டுக் கட்டாமல் வைக்கத் தெரியாது. ஆவடி பாக்டரியில் ஸ்டோர்ஸ் கீப்பர். ஆணி முதல் என்ஜின் பாகம் வரை அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் எண், ஓர் அட்டைச் சீட்டு, அதில் துளை போட்டு ஒரு கம்பி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் குவார்ட்டர்ஸில் பருப்பு டப்பாவில் சீட்டு தொங்கும், குடையில் தொங்கும். மகள் புஷ்பாவின் சாப்பாட்டுத் தூக்கில் ஒன்று தொங்கப்போய், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ய, அவள் அழுதுகொண்டே வந்து பிய்த்துப் போட்டாள். "உங்களுக்கு மட்டும் எப்படிச் சீட்டு இல்லை?" என்று அவர் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "இன்னும் நம்பர் முடிவாகலைங்க" என்றார் அந்த அம்மாள்.

நானும் அதே பாக்டரிதான். டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற வேலை. அதனாலேயே டூட்டி முடிந்து வெளியே வந்தால் என் வாய் சும்மா இருக்காது. அடுத்த பிளாக்கில் குடியிருந்த ரகுநாதனை நான் கேலி செய்த அளவுக்கு வேறு யாரும் செய்ததில்லை. அவரைப் பற்றி எழுதவும் இப்போது நான்தான் மிச்சம்.

1966-ல் அவர் 'ஆவடி வட்டார வரலாற்றுக் கழகம்' தொடங்கினார். கழகம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு கேட் செக்யூரிட்டிக்காரர், எந்தக் கட்சி, கொடி என்ன கலர் என்று விசாரித்தார். தலைவராக பாக்டரியின் துணை மேலாளர் ஒருவரைப் பிடித்துப் போட்டார்கள். போட்டோ எடுக்கிற நாளில் மட்டும் வருவார். போட்டோ எடுப்பவர் சுலைமான், பூந்தமல்லியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கிரேன் ஓட்டும் கோதண்டம் இன்னொரு உறுப்பினர். வெள்ளானூர்க்காரர். அவர் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து பாக்டரி யூனிபார்ம் போட்ட முதல் ஆள் அவர்தான். நோட்டீஸ் எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்று, பெண்ணாயிற்றே என்று பார்க்காமல் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வரலாறு தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள்களில் கிளம்புவோம். கொரட்டூர் ஏரி, அயனம்பாக்கம் ஏரி, பூந்தமல்லிப் பழைய கட்டிடங்கள். உடைந்த பானை ஓடு கிடைத்தால் ரகுநாதன் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குவார். நாலு ஓட்டில் மூன்று ஓடு போன வருஷத்துப் பானை என்று கோதண்டம் சொல்லிவிடுவார். ரகுநாதனுக்குக் கோபம் வராது. "இருக்கட்டுங்க, இன்னும் ஆயிரம் வருஷம் போனா இதுவும் பழசாயிரும்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அவருக்கு ஏன் இந்த ஊர்மேல் இவ்வளவு ஆசை என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. குவார்ட்டர்ஸில் எங்கள் எல்லோருக்கும் ஆவடி என்பது சம்பளம் வாங்கும் இடம். ஊர் என்றால் திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர். பொங்கல் வந்தால் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக ரயிலேறிவிடுவோம், குவார்ட்டர்ஸே காலியாகிவிடும். ஒரு பொங்கலுக்கு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் போகவில்லை. பார்த்தால் ரகுநாதன் வீட்டு வாசலில் கோலம். "நீங்க ஊருக்குப் போகலையா?" என்றேன்.

"ஊர் தண்ணிக்குள்ள இருக்குதுங்க" என்றார்.

பவானிப் பக்கம் அவர் கிராமம். அணை கட்டியபோது ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். கிளம்பும் நாளில் ஊர் அம்மனைத் தூக்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி அம்மன் தலையில் பூ வைத்து, வரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். பூ விழுந்தால் சம்மதம். காலையிலிருந்து உச்சி வரைக்கும் எல்லோரும் கைகூப்பி நின்றும் பூ விழவில்லை. சர்க்கார் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் தூக்கி லாரியில் ஏற்றி வைக்கோல் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியது ரகுநாதன்.

"புது இடத்துல அவ உக்காரவே இல்லைங்க. தகரக் கொட்டகையில வெச்சிருக்காங்க. சனங்களும் உக்காரலை. ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். கோடையில தண்ணி வத்துனா கோயில் சுவரு தெரியுமாம். நான் போய்ப் பாக்கலை."

அன்றைக்கு மட்டும் நான் கேலி எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். ஊர் போன மனிதர் இன்னொரு ஊரைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

கரையம்மா எங்கள் கழகத்துக்குத் தெரிய வந்தது 1969-ல். வெள்ளானூர் ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது, அதைக் கரையம்மா என்று கும்பிடுகிறார்கள் எனக் கோதண்டம் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். போய்ப் பார்த்தோம். இடுப்பு உயரக் கல். மேலே நாலு விரல் கனத்துக்கு மஞ்சள் அப்பி, எண்ணெய் ஊறி இறுகி, கல் என்றே தெரியாமல் இருந்தது. இரண்டு வெள்ளிக் கண்மலர், ஒரு சிவப்புத் துணி. கோதண்டத்தின் அக்கா முனியம்மா வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைப்பாராம். ஏரி நிறைந்து கலங்கலில் தண்ணீர் வழிகிற வருஷம் புதுத் துணி கட்டுவார்களாம். ரகுநாதன் கல்லின் பின்பக்கம் போய்க் குனிந்து, மஞ்சள் ஏறாத ஒரு மூலையைத் தடவிப் பார்த்தார். "எழுத்து இருக்குதுங்க" என்றார்.

அந்த ஆனி மாதம் கரையை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். லாரி போக வழி வேண்டுமாம். கான்டிராக்டரின் ஆட்கள் வழியில் கிடந்த கல்லையெல்லாம் சம்மட்டியால் உடைத்து ஜல்லியாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரகுநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓவர்சியரிடம் ஓடினார். "வேணும்னா தூக்கிட்டுப் போங்க சார், எனக்கென்ன" என்று ஓவர்சியர் சொல்லிவிட்டார்.

கோதண்டம் முதலில் தயங்கினார். "யக்கா கைல சொல்லிட்டு எடுக்கலாம் சார்."

"நாளைக்குள்ள உடைச்சிருவாங்க கோதண்டம். வேலை முடிஞ்சதும் கொண்டுவந்து வெச்சிரலாம்."

பெண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரம், செயின் பிளாக் கட்டித் தூக்கி, வைக்கோல் சுற்றி, லாரியில் ஏற்றினார்கள். பாக்டரியில் பத்திரமாக இருக்கிறது, கரை வேலை முடிந்ததும் வந்துவிடும் என்று கோதண்டம் அக்காவிடம் சொன்னார். முனியம்மாவும் தம்பி சொல்லை நம்பிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு வரலாற்றுக் கழகத்தில் போட்டோக்காரர் தவிர அத்தனை பேரும் பாக்டரி ஆட்களாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம். ஸ்டோர்ஸுக்கு ஒரு பொருள் வந்தால் முதலில் பிசுக்கு எடுக்க வேண்டும். பிறகு பரிசோதனை, பிறகு எண், பிறகு துரு பிடிக்காமல் கிரீஸ் பூச்சு. கரையம்மாவுக்கும் அதே மரியாதை நடந்தது. கொதிக்கிற காஸ்டிக் சோடா தண்ணீரை ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். மஞ்சள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடை அன்று முழுக்க மஞ்சளாக ஓடியது. நான் கூட வாளி எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து வெளிவந்தது பெண் அல்ல. வில் பிடித்து நிற்கும் ஓர் ஆண். முழங்காலை மடக்கி, முகத்தைத் திருப்பி, அவ்வளவு அழகு. கீழே எழுத்து. ரகுநாதன் சென்னைக்குப் போய் ஒரு பேராசிரியரை அழைத்து வந்தார். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட நடுகல், ஏரிக்கரையை வெட்ட வந்தவர்களைத் தடுத்துச் செத்த வீரன் என்று அவர் படித்துச் சொன்னார். ரகுநாதன் அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை. தன் ஊரைக் காப்பாற்ற ஒருவன் நின்று செத்திருக்கிறான், அவன் முகத்தை நாம் பார்க்கிறோம் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

குவார்ட்டர்ஸ் சமூகக் கூடத்தில் ஓர் அறை கிடைத்தது. பீடம் கட்டிக் கல்லை நிறுத்தினார்கள். எண் 1 என்று சீட்டு. கண்மலருக்கு எண் 1-அ. சுற்றிலும் கயிறு, 'தொடாதீர்கள்' என்று என் கையெழுத்தில் ஒரு பலகை. ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கண்காட்சி, சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்து திறப்பதாக ஏற்பாடு. தலைவர் அழைப்பிதழ் அச்சடித்துவிட்டார். வேலை முடிந்ததும் திருப்பி வைப்போம் என்ற பேச்சை ரகுநாதன் எடுப்பதே இல்லை. கோதண்டம் எடுத்தால், "கண்காட்சி முடியட்டும்" என்பார். பிறகு, "அங்கே வெயில், மழை, லாரி" என்பார். அவருக்கு அந்தக் கல்லைப் பிரிய மனமில்லை, அவ்வளவுதான்.

ஆடி நடுவில் ஒரு மத்தியானம் என் போர்டில் கேட்டிலிருந்து அழைப்பு. வெள்ளானூர்ப் பொம்பளைங்க ரெண்டு பேர், யாரோ அம்மாவைப் பார்க்கணும்னு நிக்கிறாங்க, யாருக்கு லைன் கொடுக்கறீங்க என்று செக்யூரிட்டிக்காரர் கேட்டார். ரகுநாதனுக்கும் கோதண்டத்துக்கும் சொல்லிவிட்டு, நானே போய் அழைத்து வந்தேன்.

முனியம்மாவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். செங்கல் சூளையில் வேலை செய்கிற கை. கூட வந்தது மகள் நாகவல்லி. முனியம்மா கூடத்துக்குள் வந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"எங்க கீது?"

"இதுதாங்க" என்றார் ரகுநாதன்.

"இது யாரோ வில்லு புட்ச்சிகினு நிக்கறான்."

ரகுநாதனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? வீரன், ஏரி, எழுத்து என்று உற்சாகமாக விளக்க ஆரம்பித்தார். முனியம்மா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"ஆம்பளையா. சரி, இருந்துட்டுப் போட்டும். ஏரியக் காவந்து பண்ணவன்தான? கர வேல முட்ஞ்சிப்போச்சி. எப்ப இட்டாறீங்க?"

"இங்க பத்திரமா இருக்குதுங்கம்மா. மழை படாது, யாரும் உடைக்க மாட்டாங்க..."

முனியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிக் கல்லின் தோளைத் தொட்டார். விரலில் ஒட்டியது கிரீஸ். அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மஞ்ச எங்க?"

ரகுநாதன் குனிந்து எண் 1 சீட்டை நேராக்கினார்.

"அம்மா மேல இருந்த மஞ்ச. எட்த்து வெச்சிருக்கீங்களா?"

"கழுவிட்டோம்" என்றேன் நான்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அழவில்லை, சத்தம் போடவில்லை. "எங்க ஊர்ல ஒரு பொண்ணுக்குக் கண்ணாலம்னா, அம்மா மேல கீற மஞ்சள நகத்தால சொரண்டி எட்த்தாந்து, புது மஞ்சள்ல கலந்துதான் பொண்ணுக்குப் பூசுவோம். மிச்சத்த திரும்ப அம்மாவுக்கே அப்பிடுவோம். எனக்குப் பூசுனது அதுல கீது. எங்கம்மாவுக்குப் பூசுனது, அவங்க அம்மாவுக்குப் பூசுனது, ஊர்ல வாக்கப்பட்டு வந்தவ, வாக்கப்பட்டுப் போனவ அல்லாரோடதும் அதுலதான் கீது. இவளுக்கு ஆவணில கண்ணாலம். அதான் வந்தேன்."

ரகுநாதன் கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டத்தின் முகம் செத்துப்போயிருந்தது. "எனுக்குத் தெரியாது சார். அது பொம்பளைங்க சமாசாரம். மஞ்ச எடுக்கசொல்லோ ஆம்பளைங்க கிட்டவே போமாட்டோம்."

அந்த ஊரின் வரலாறு கல்லில் எழுத்தாக இருந்தது, உண்மைதான். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருவனின் பெயரைப் படிப்பதற்காக, அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் கல்யாணத்தையும் நாங்கள் ஷெட்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டோம். அதைத் திரட்டி எடுக்க வழியே இல்லை. சாக்கடை போய்ச் சேர்ந்த இடம்கூட எங்களுக்குத் தெரியாது.

போகும்போது முனியம்மா வாசலில் நின்று திரும்பினார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எடுக்கசொல்லோ அம்மாவ ஒரு வார்த்த கேட்டியா நைனா?"

ரகுநாதன் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்கள் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரியும், விழாத பூவும், வைக்கோலும் கயிறும். தன் ஊருக்குச் செய்ததை அவர் தன் கையாலேயே இன்னொரு ஊருக்கும் செய்திருந்தார். இந்த முறை லாரியை வரச்சொன்னதும் அவரேதான்.

மறுநாள் கமிட்டி கூடியது. தலைவர் கையில் அழைப்பிதழ்க் கட்டு. "சென்டிமென்ட்டைப் பார்த்தால் ஒரு மியூசியமும் நடத்த முடியாது" என்றார். "சிமென்ட்டில் அச்சாக ஒன்று செய்து கரையில் வைத்துவிடலாம். அவர்கள் அதைக் கும்பிடட்டும். அப்படியே பழையது மாதிரி இருக்கும்."

"எங்க ஊரை மாத்தறப்பவும் இதேதானுங்க சொன்னாங்க. எல்லாம் பழசு மாதிரியே இருக்கும்னு" என்றார் ரகுநாதன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "கல்லு திரும்பிப் போகுதுங்க. கண்காட்சிக்கு முன்னாடியே போகுது."

"அப்புறம் எதைக் காட்டப் போறீங்க?" என்றார் தலைவர்.

சுலைமான் தொண்டையைச் செருமினார். "நம்ம கைல போட்டோ கீது சார். கல்லு அவங்களுது."

கோதண்டமும் நானும் கையைத் தூக்கினோம். தலைவர் அழைப்பிதழ்க் கட்டை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்து போனார்.

ரகுநாதன் ஓவர்சியர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். புதுக் கரையில் லாரி வழிக்கு ஒதுங்கி, மதகுக்குப் பக்கத்திலேயே ஒரு மேடை போட இடம் வாங்கினார். எல்லாம் தயாரானதும் வெள்ளானூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், முனியம்மாவோடு. கோதண்டம் செயின் பிளாக்கை மாட்டப் போனார். ரகுநாதன் தடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு செவ்வரளிப் பூவை எடுத்துக் கல்லின் உச்சியில் வைத்தார்.

"எங்க பக்கத்து வழக்கங்க. கேட்டுட்டுத் தூக்கலாம்" என்றார் முனியம்மாவிடம்.

"கேளு நைனா."

கைகூப்பி நின்றார். பூ விழவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னது அவர்தான், காற்றில் விழுந்தது என்று இருக்கக் கூடாதாம். வியர்த்துக் கொட்டியது. ஆட்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த முறையும் விழாவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்? அம்மனோ வீரனோ, யாராக இருந்தாலும் சரி, தலையை ஆட்டித் தொலையேன் என்று மனதுக்குள் திட்டினேன். அந்தச் சமயம் பார்த்து சுலைமான் கேமராவோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பூ உருண்டு விழுந்தது.

கதவு திறந்த காற்றுதான். அது எனக்குத் தெரியும், சுலைமானுக்கும் தெரியும். ரகுநாதன் குனிந்து பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பி அழுதார். அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முனியம்மா மட்டும் சாதாரணமாக, "ஒத்துகிச்சி. தூக்குங்கடா" என்றார்.

கரையில் கல்லை நிறுத்தியதும் பெண்கள் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் வழக்கம்போலத் தள்ளிப் போனார்கள். ரகுநாதனும் போகத் திரும்பினார்.

"நீ எங்க போற?" என்றார் முனியம்மா. "உரிச்சது நீதான? மொதப் பூச்சு நீயே பூசு."

பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு. ஆம்பிளை கை படலாமா என்று ஒருத்தி கேட்டாள். "உள்ள கீறவனே ஆம்பளைதான்றாங்க, பூசறவன் ஆம்பளையா இருந்தா இன்னா?" என்று முனியம்மா வாயை அடைத்துவிட்டார்.

ரகுநாதன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டு எழுதி எழுதி மை ஏறிய விரல்கள். எப்படிப் பூசுவது என்று தெரியாமல் கீழிருந்து மேலாக இழுத்தார். முழங்கால் மறைந்தது, வில் மறைந்தது. முகத்துக்கு வந்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு அவர் கண்டுபிடித்த முகம். பிறகு அதையும் பூசிவிட்டார். "சொவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கறாரு" என்று நாகவல்லி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். ஆவணியில் அவள் கல்யாணத்துக்கு அந்தப் புது மஞ்சளைத்தான் சுரண்டினார்கள். அது மெல்லிசாக, ஒரு நகக்கீறலில் கல் தெரிகிற அளவுக்குத்தான் இருந்தது.

கண்காட்சி நடந்தது. சுவரில் சுலைமானின் போட்டோக்கள், நடுவில் வெறும் பீடம். ஸ்டோர்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தால் ஏன் காலி என்று சீட்டு சொல்ல வேண்டும். அதனால் ரகுநாதன் பீடத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தார். 'எண் 1. இருப்பிடம்: வெள்ளானூர் ஏரிக்கரை. நிலை: உபயோகத்தில் உள்ளது.' திறக்க வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். அடுத்த மாதமே அந்த அறையைக் கேரம் விளையாடக் கொடுத்துவிட்டார்கள். கழகம் கொஞ்ச நாள் சுலைமானின் ஸ்டூடியோவில் கூடியது. அப்புறம் ஆளுக்கொரு வேலை வந்து, கூடுவது நின்றுபோனது. ரகுநாதன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை விடவில்லை. எந்த ஊர் எல்லைக்குப் போனாலும், ஒரு கல்லைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் யாராவது பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்து, கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

ரிடையர் ஆனதும் வெள்ளானூரில் ஒரு மனை வாங்கி ஓட்டு வீடு கட்டினார். புஷ்பாவுக்கு 1978-ல் கல்யாணம் நிச்சயமானது. குலசாமிக்கு எப்போது போகிறீர்கள் என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். தன் ஊர் அம்மனை வைத்திருந்த தகரக் கொட்டகைக்குப் போய் வந்தார், அங்கிருந்து கிளம்பி வந்த பிறகு முதல்முறையாக. கரையம்மாவிடம் மஞ்சள் கேட்க அவருக்கு ஆசை இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் அது ஊர்ப் பெண்களுக்கு உள்ளது, வந்து குடியேறியவன் கேட்பது முறையா என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டு வரட்டுமா என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் முனியம்மாவே வாசலில் வந்து நின்றார், கையில் தட்டோடு. தலை நரைத்திருந்தது. "இன்னா நைனா, பொண்ண வெச்சிகினு சும்மா குந்திகினு கீறே? இட்டுகினு வா."

கரைக்குப் போனோம். கல்மேல் மஞ்சள் மறுபடி விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. வில்லும் முகமும் எங்கே இருக்கின்றன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ரகுநாதன் ஆண்கள் நிற்கிற தூரத்தில், கோதண்டத்தோடு நின்றுகொண்டார். முனியம்மா மேலாகச் சுரண்டாமல், கல்லின் அடியில் உட்கார்ந்து ஒரே இடத்தில் நகத்தால் தோண்டினார். தோண்டிக்கொண்டே இருந்தார்.

"மேலயே எடுத்தா இன்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மேல கீறது மத்தவங்க ஊட்டு மஞ்ச. இவளுக்கு அடி மஞ்ச வோணும்." கல் தெரிந்ததும், அதை ஒட்டிக் காய்ந்து கிடந்த கடைசித் துளியைப் பெயர்த்து எடுத்து, புது மஞ்சளில் குழைத்துப் புஷ்பாவின் கன்னத்தில் வைத்தார். தூரத்தில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார்.

"இது ஒங்கப்பன் பூசுன மஞ்ச, கண்ணு."

ரகுநாதன் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோதண்டம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஏதாவது கேலி சொல்வேன் என்று ரகுநாதனின் மனைவி என்னைப் பார்த்தார். நான் முனியம்மா கையிலிருந்த தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.